விடுதலைக்குப் பின் தொடங்கும் கணக்கு

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் என் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றிலிருந்து நாள்தோறும் இரண்டு பேருந்துகள் மாறி வருவார். புள்ளியியலில் நல்ல தேர்ச்சி. முதல் வகுப்பில் தேறியபின் ஒரு நிறுவனத்தின் எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் வெற்றி பெற்றார். கடைசியாகச் சான்றிதழ் சரிபார்ப்பில் கடவுச்சீட்டு கேட்டார்கள். அவரிடம் இருந்தது முகாம் அடையாள அட்டை மட்டுமே. வேலை கிடைக்கவில்லை. பரிந்துரைக் கடிதம் ஒன்று கேட்டு அவர் தம் தந்தையுடன் தென்னேரியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்.

தந்தை யாழ்ப்பாணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டு, வழக்கு ஏதும் முடிவுக்கு வராமலே சில ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்து, விடுதலைக்குப் பின் குடும்பத்துடன் படகேறி வந்தவர். இங்கே கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலை. மகன் உள்ளே எழுதிக்கொண்டிருந்தபோது அவர் திண்ணையில் அமர்ந்து என்னிடம் சொன்னார்: “உள்ளுக்க இருக்கேக்க நாளை எண்ணிக்கொண்டிருந்தனான் சேர். இஞ்சை என்னத்தை எண்ணுறது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று விடை இல்லை. ஓய்வுபெற்றபின் அதைப் பற்றிப் படித்தும் யோசித்தும் வந்திருக்கிறேன். அரசியல் கைதியின் சிறைவாசம் பற்றி நம்மிடம் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. சிறைக் கதவு திறந்தபின், அதுவும் சொந்த மண்ணுக்கு வெளியே, அவர் எப்படிப் பிழைத்தார் என்பது பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. இந்த இரண்டாம் பகுதி பெரிதும் பொருளியல் சார்ந்தது. அதில் என்னென்ன இழப்புகள் அடங்கியுள்ளன, அவற்றை எது ஈடுசெய்யும், சமூகத்தின் பங்கு என்ன என்பதை விளக்க முயல்கிறேன்.

நம் வீட்டு உதாரணம்

தமிழர்கள் நன்கறிந்த ஒருவரிடமிருந்து தொடங்கலாம். வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1908 மார்ச் 12 அன்று கைதானார். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவை, கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 40. செக்கிழுத்த கதை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பிந்தைய 24 ஆண்டுகள் நம்மில் பலருக்குத் தெரியாது.

வெளியே வந்தவருக்குக் கப்பல் நிறுவனம் இல்லை. அவர் உள்ளே இருந்தபோதே அது கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது. தூத்துக்குடிக்குத் திரும்பாமல் மனைவி மக்களுடன் சென்னையில் குடியேறினார். சிறு வணிகங்கள் செய்தார், நூல்கள் எழுதிப் பதிப்பித்தார், தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் ஒப்படைத்த பணத்துக்காக 1915, 1916 ஆண்டுகளில் அவர் காந்திக்கு எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. இறுதியில் கைக்கு வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி அந்தத் தொகையையே தலைப்பின் பகுதியாக வைத்து ஒரு நூல் எழுதியிருக்கிறார். லட்சங்களில் நிறுவனம் நடத்தியவர் இந்தத் தொகைக்காகக் காத்திருந்தார் என்பதே செய்தி.

அவர் கடல் கடந்து போகவில்லை. ஆயினும் ஊரையும் தொழிலையும் இழந்து வேற்றூரில் வாழ்ந்த அந்தக் காலம், நாட்டுக்குள்ளேயே அமைந்த ஒரு புகலிட வாழ்வுதான். அதை மாற்றியதில் பெரும்பங்கு ஒரு காகிதத்துக்கு உண்டு. பிற்பாடு நீதிபதி வாலஸின் துணையால் சன்னது திரும்பக் கிடைத்தது. வ.உ.சி. மீண்டும் வழக்காடினார், கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். நன்றியின் அடையாளமாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஒரு உரிமம் திரும்பக் கிடைத்ததற்காகப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அது அவருக்குப் பெரிதாக இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியாருக்கு நேர்ந்தது வேறு வகை. அவர் கையில் பேனா இருந்தது. தமிழ் பேசும் ஊரில்தான் இருந்தார். ஆனால் ‘இந்தியா’ இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைவது தடுக்கப்பட்டதும், 1910-இல் அது நின்றுபோயிற்று. சரக்கு எல்லைக்கு இந்தப் பக்கம், வாங்குவோர் அந்தப் பக்கம். புகலிடத்தில் வாழும் எழுத்தாளர் எவருக்கும் இன்றுவரை இதே சிக்கல்தான்.

பற்றிக்கொள்ள ஒரு கயிறு

நம் காலத்துக்கு வருவோம். கொழும்பில் ஆங்கில இதழாளராக இருந்த ஜெ.எஸ்.திசைநாயகம் 2008 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். 2006-இல் ஒரு மாத இதழில் போரின் நடுவே தமிழ்ப் பொதுமக்கள் படும் துன்பம் குறித்து அவர் எழுதியவை குற்றச்சாட்டுக்கு அடிப்படை ஆயின. 2009 ஆகஸ்ட் 31 அன்று, 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 20 ஆண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. காவல் அதிகாரியிடம் தந்ததாகக் கூறப்படும் வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்க இடமளிப்பது அந்தச் சட்டம். உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் 2010 ஜனவரியில் பிணையில் வந்தார். மே மாதம் குடியரசுத் தலைவரின் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் இதழாளர்களுக்கு வழங்கும் நீமன் நல்கை அவருக்குக் கிடைத்தது.

இந்த நல்கையைக் கௌரவமாகவே பலரும் பார்ப்பர். நான் அதை ஒரு பாலமாகப் பார்க்கிறேன். சிறைக்கு முன் இருந்த தொழிலுக்கும் சிறைக்குப் பின் தேவைப்படும் தொழிலுக்கும் நடுவே ஓராண்டு இருக்க இடம், செலவுக்குப் பணம், சக இதழாளர்களின் பழக்கம் ஆகியவற்றை அது தருகிறது. ஆங்கிலம் அறிந்த, உலகம் பெயர் அறிந்த ஒருவருக்கு அத்தகைய கயிறு வீசப்படுகிறது. அதே சட்டத்தில் அடைபட்ட நூற்றுக்கணக்கானோருக்கு, என் திண்ணையில் அமர்ந்திருந்த ஆசிரியர் உட்பட, அப்படி எதுவும் வரவில்லை. இழப்பில் பெரிய வேறுபாடு இல்லை, கைகொடுப்பதில்தான் வேறுபாடு.

இமயத்தின் அடிவாரத்தில்

பெயர் தெரியாதவர்களுக்கும் பாலம் அமைக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்திய மண்ணிலேயே ஒரு விடை இருக்கிறது. இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாவில் வாழ்ந்த திபெத்தியத் துறவி பல்டென் கியாட்சோ 1933-இல் பிறந்தவர். பத்து வயதில் மடத்தில் சேர்ந்தவர். 1959 கிளர்ச்சிக்குப் பின் கைதானார். சிறைகளிலும் கட்டாய உழைப்பு முகாம்களிலுமாக 33 ஆண்டுகள் கழிந்தன. 1990-இல் காவலர் ஒருவர் மின்தடியை அவர் வாய்க்குள் செலுத்தியதில் பற்களில் பெரும்பாலானவற்றை இழந்தார். 1992-இல் விடுதலையானதும் நேபாளம் வழியே இந்தியா வந்தார். தம்மைப் போன்றோரை வதைக்கப் பயன்பட்ட கருவிகள் சிலவற்றைக் கையூட்டுக் கொடுத்து வாங்கி, உடன் எடுத்து வந்தார்.

அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 60. ஆங்கிலம் தெரியாது, குடும்பம் இல்லை, துறவி என்பதைத் தவிர வேறு தொழில் இல்லை. அவர் மேற்கொண்டது சாட்சி சொல்லும் பணி. 1995-இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் முன் பேசினார். வரலாற்றாய்வாளர் செரிங் ஷாக்யாவிடம் திபெத்திய மொழியில் வாய்மொழியாகச் சொன்ன வாழ்க்கை வரலாறு 1997-இல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. பல நாடுகளுக்குச் சென்று அந்தக் கருவிகளைக் காட்டிப் பேசினார். 2018 நவம்பர் 30 அன்று, 85-ஆம் வயதில், தர்மசாலாவிலேயே காலமானார்.

அவர் விதிவிலக்கான மனிதர். அவரைப் போலவே வந்து சேர்ந்த பெயரறியாத முன்னாள் கைதிகளுக்கு 1991-இல் அங்கே ‘கு-சு-சும்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. திபெத்திய மொழியில் ஒன்பது, பத்து, மூன்று என்று பொருள். 1987 செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் 1988 மார்ச் மாதத்திலும் லாசாவில் நடந்த ஆர்ப்பாட்டங்களை அந்த எண்கள் குறிக்கின்றன. முன்னாள் அரசியல் கைதிகளே நடத்தும் அமைப்பு அது. தையல், ஆங்கிலம், கணினி கற்றுத் தருதல், மருத்துவ உதவி, சிறைச் சாட்சியங்களைப் பதிவு செய்தல் ஆகியவை அதன் பணிகள். வந்து சேரும் ஒருவர் முதல் வாரத்திலேயே தம் அனுபவத்தை விளக்க வேண்டாத மனிதர்களைச் சந்திக்கிறார் என்பதே அதன் பெரிய பயன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இழப்பின் நான்கு பகுதிகள்

இந்த வாழ்க்கைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இழப்பு நான்கு பகுதிகளாகத் தெரிகிறது.

முதலாவது, ஆவணம். வேலை, வாடகை வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை எல்லாம் ஒரு காகிதத்தில் தொங்குகின்றன. துரத்திய அரசிடமே போய்ப் பிறப்புச் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் கேட்கும் நிலையில் முன்னாள் கைதி இருக்கிறார். கேட்டால் ஊரில் இருக்கும் உறவினரை யாராவது விசாரிப்பார்களோ என்ற அச்சம் வேறு.

இரண்டாவது, திறனின் தேய்மானம். பூட்டிக் கிடக்கும் இயந்திரம் துருப்பிடிப்பது போல, பயன்படுத்தாத திறனும் தேயும். பத்தாண்டு பாடம் நடத்தாத ஆசிரியருக்குப் பாடத்திட்டமே மாறியிருக்கும். நாடும் மாறினால் தேய்மானம் இரட்டிப்பாகிறது. அவருடைய பட்டம் செல்லாது, மொழியும் உதவாது. அதனால்தான் ஆசிரியர் வண்ணம் பூசுகிறார். வழக்கறிஞர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். உழைப்பு எதுவும் இழிவில்லை. ஆனால் ஒரு சமூகம் பயன்படுத்தியிருக்கக்கூடிய திறன் வீணாகிறது.

மூன்றாவது, நம்பிக்கை. இதைப் பாடநூல்கள் போதிய அளவு பேசுவதில்லை. எங்கள் பகுதியில் நெசவாளர் பட்டும் சரிகையும் ரொக்கம் கொடுத்து வாங்குவதில்லை. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ கொடுத்தனுப்புவார்கள். புடவையாக நெய்து கொடுத்துக் கூலி பெறுவார். யாருடைய மகன், எந்தத் தெரு, எப்படி நெய்வான் என்பதே அங்கே பிணை. குளிர்காலத்தில் நம் நகரங்களில் திபெத்தியர் கம்பளி ஆடைக் கடைகள் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் லூதியானா ஆலைகளிலிருந்து பெருமளவு சரக்கைக் கடனில் எடுத்து, விற்றபின் திருப்பித் தருகிறார்கள். தனி மனிதரின் பின்னால் ஒரு சமூகத்தின் நாணயம் நிற்பதால் அது நடக்கிறது. முன்னாள் கைதி புதிய ஊரில் இறங்கும்போது அவர் யாருடைய மகன் என்பது எவருக்கும் தெரியாது. தெரிந்தால் கைதி என்பதும் தெரிந்துவிடும். கடன் கொடுப்பார் இல்லை. வேலைக்குச் சொல்லி அனுப்புவாரும் இல்லை.

நான்காவது, உடலும் மனமும். வதைபட்ட உடலுக்கு வேலை நாள்கள் குறைவு, மருத்துவச் செலவு அதிகம். உறக்கமின்மையை எந்த முதலாளியும் விடுப்புக் காரணமாக ஏற்பதில்லை. இதில் இன்னொரு சுமையும் உண்டு. முன்னாள் கைதியிடம் மற்றவர்கள் கேட்டு வாங்க விரும்பும் ஒன்று அவருடைய கதை மட்டுமே. புகலிட விசாரணையில் சொல்ல வேண்டும், இதழாளரிடம் சொல்ல வேண்டும், மேடையில் சொல்ல வேண்டும். பல்டென் கியாட்சோ அதைத் தம் கடமையாகத் தாமே ஏற்றார். எல்லோராலும் அது முடியாது. எல்லோரும் அதை விரும்புவதும் இல்லை. பேசாமல் பிழைக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்த நான்கில் முதலாவதை அரசு மட்டுமே தீர்க்க முடியும். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. எனவே யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை அவ்வப்போதைய அரசாணைகள் தீர்மானிக்கின்றன. திபெத்தியருக்குப் பதிவுச் சான்றிதழ் உண்டு. 1960-களிலிருந்து கர்நாடகத்தின் பைலகுப்பே, முண்டுகோடு போன்ற இடங்களில் நிலக் குடியிருப்புகள் உண்டு. 2014-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கை குத்தகை நிலம், வணிக உரிமம், நலத் திட்டங்கள் ஆகியவற்றுக்கு வழி சொல்கிறது. குறைகள் இருக்கலாம், ஆனால் ஒரு வடிவம் இருக்கிறது.

1983 முதல் வந்த இலங்கைத் தமிழர் நிலை வேறு. தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் வாழ்கின்றனர். மாநில அரசு உதவித்தொகையும் வீடுகளும் தருகிறது. 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. ஆயினும் குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரைப் பற்றியே பேசுகிறது. இலங்கை அதில் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்றவரும் சரிபார்ப்பு மேசையில் நின்றுவிடுகிறார்.

பாதுகாப்பு என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானதே. எல்லை தாண்டி வருவோர் எல்லோரையும் கேள்வியின்றி ஏற்க எந்த நாடும் இணங்காது. நம் மாநிலம் அதற்குக் கொடுத்த விலையும் நினைவில் இருக்கிறது. ஆனால் பதிவு செய்து, விசாரித்து, முறையான அட்டை கொடுத்து, வேலை செய்ய அனுமதித்த மனிதரைக் கண்காணிப்பது எளிது. அட்டையில்லாமல் கூலிவேலையில் கரைந்துபோனவரைக் கண்காணிப்பதுதான் கடினம். செலவு என்ற வாதத்துக்கும் இதுவே விடை. ஒருவருக்கு ஆயுள் முழுவதும் உதவித்தொகை கொடுப்பதைவிட, அவர் வரி செலுத்தும் அளவுக்குச் சம்பாதிக்க விடுவது மலிவு. அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமகனுக்கு மட்டுமன்றி எல்லா மனிதருக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சக்மா மக்கள் வழக்கில் கூறியிருக்கிறது. புகலிடம் குறித்த தனிநபர் மசோதா ஒன்று 2015-இல் மக்களவைக்கு வந்தும் சட்டமாகவில்லை.

சட்டம் வரும்வரை செய்யக்கூடியவையும் உண்டு. முகாம்களில் உள்ளோரின் பழைய தொழில், படிப்பு, திறன் ஆகியவற்றைத் தேர்வு வைத்து மதிப்பிட்டுச் சான்று வழங்கலாம். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் முகாம் அடையாள அட்டையை ஏற்கலாம் என்று தெளிவான ஆணை ஒன்று வெளியிடலாம். சிறையிலும் வதையிலும் சிக்கியவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல உதவி ஏற்பாடு செய்யலாம். கூட்டுறவுச் சங்கங்கள் அவர்களை உறுப்பினராக ஏற்றால், நான் சொன்ன மூன்றாவது இழப்பு, அதாவது நாணயம், மெல்ல மெல்ல ஈடாகும். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை.

தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில், புதிய பாவைக் கொண்டுவந்து, பழைய பாவின் இழை நுனியோடு புதிய இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். எங்கள் தெருவில் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை அது. கண்ணும் விரலும் நோகும். நெசவாளர் தனியே உட்கார்ந்து அதை முடிக்க மாட்டார். பக்கத்து வீட்டாரும் வருவார்கள். அறுந்துபோன ஒரு வாழ்க்கையைப் புதிய ஊரோடு சேர்ப்பதும் இப்படித்தான் நடக்கிறது. வ.உ.சி.க்கு வாலஸ் வந்தார். திபெத்தியருக்கு அவர்கள் சமூகம் வந்தது.

என் மாணவர் இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். படித்ததற்கும் சம்பளத்துக்கும் தொடர்பில்லை. அவர் தந்தை முகாம் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருப்பதாக அண்மையில் தொலைபேசியில் சொன்னார். கட்டணம் இல்லை. பகலில் இன்னமும் வண்ணம் பூசப் போகிறார். அவர் மீண்டும் ஆசிரியராக இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை முழு நாளாக்க ஒரு அட்டை போதும். அதைக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.